கரையாத மஞ்சள் தாள்

இரண்டாம் வகுப்புக்குக் காகிதத்தைப் பற்றிப் பாடம். மரம், காடு, மழை என்று நான் ஆரம்பித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால், "அப்பா அம்மா வேலை செய்யற எடத்துல குப்பைக்குப் போற பேப்பர் இருந்தா கேட்டு வாங்கிட்டு வாங்க கண்ணுகளா" என்றேன். திருப்பூரில் அதற்கா பஞ்சம்? மறுநாள் வகுப்பறை பனியன் கம்பெனியின் பின்வாசல் மாதிரி ஆகிவிட்டது. துணி வெட்டும் மேசையில் விரிக்கிற நீளத் தாள், நூல் சுற்றி வந்த அட்டைக் கோன், கிழிந்த அட்டைப்பெட்டி.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மஞ்சள் தாள் கட்டு ஒன்றை அணைத்துக்கொண்டு வந்தாள். அவள் அப்பா விருதுநகர்ப் பக்கத்துக்காரர், பேக்கிங் செக்‌ஷனில் வேலை. சைஸ் ஸ்டிக்கரை உரித்த பிறகு மிஞ்சுகிற வழுவழுப்பான தாள் அது. "எங்கப்பா குடுத்தாருங்க மிஸ்" என்று பெருமையாக நீட்டினாள்.

அவள் கட்டில் பாதியையும் மற்றவர்கள் கொண்டுவந்ததையும் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டோம். "எந்தப் பேப்பரும் ஊறுனா கூழாயிரும், கூழு மறுபடி பேப்பராயிரும்" என்று அளந்துவிட்டேன். அடுத்த நாள் பார்த்தால் மற்றதெல்லாம் கரைந்திருக்க, மஞ்சள் துண்டுகள் மட்டும் மிதந்தன. அவள் கையை விட்டுப் பிசைந்து பார்த்தாள்.

"எங்கப்பா குடுத்தது மட்டும் பேப்பர் இல்லீங்களா மிஸ்?"

எனக்குச் சுருக்கென்றது. பசை பிடிக்காமல் இருக்க அதன்மேல் ஏதோ பூசியிருப்பார்கள், அதனால் தண்ணீர் உள்ளே போகாது என்று விளக்கினேன். விளக்கம் சரிதான். அவள் முகம்தான் தெளியவில்லை.

கூழைச் சல்லடையில் அள்ளி, பனியன் துணிமேல் கவிழ்த்துக் காயவைத்தோம். உரித்தபோது துணியோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வந்தது. எரிச்சலோடு திரும்பிய என் கண்ணில் மூலையில் கிடந்த மீதி மஞ்சள் தாள் பட்டது. ஸ்டிக்கர் பசையே ஒட்டாத தாளில் கூழா ஒட்டப்போகிறது? மீதிக் கூழை அதன்மேல் அவளையே விரிக்கச் சொன்னேன். வெயிலில் நன்றாகக் காய்ந்ததும் அவளே உரித்தாள். புதுத் தாள் முழுசாக வந்தது.

கரைத்துப் புதிதாக்குவதுதான் மறுசுழற்சி என்று நானும் நினைத்திருந்தேன். அந்த மஞ்சள் தாளையோ துடைத்துத் துடைத்து, வகுப்பு முழுவதற்கும் விரித்தோம்.

சாயங்காலம் அவள் அப்பா வாசலில் வண்டியோடு நின்றார். "என்ன தாயி, நம்ம பேப்பர் கரைஞ்சுச்சா?"

"இல்லப்பா" என்றாள் வண்டியில் ஏறிக்கொண்டே. "ஆனா எல்லாரு பேப்பரும் நம்மளது மேலதான் காஞ்சுது."