முடி எடுக்காத தோல்

பச்சையப்பன் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தார். சுண்ணாம்பு செக்‌ஷன். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து முடி எடுக்கும் வேலை. உள்ளங்கை அகலத்துக்கு முடி நின்றுவிட்டாலும் மேஸ்திரி அந்தத் தோலை அவர் தோளிலேயே போட்டு, "இன்னாப்பா, வூட்டுக்கு எடுத்துட்டுப் போய் விரிச்சுப் படுத்துக்க" என்பார்.

சாயங்காலம் ஷாப்பிலேயே இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அப்படியும் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு எழுந்துவிடுவார். எதற்கு அவருக்குத் தொல்லை என்று கொஞ்ச நாளில் பச்சையப்பனே நின்றுகொண்டு வரப் பழகிவிட்டார். ஷாப் வாசனையை வீட்டுக்குள் விட்டதே இல்லை. மகள் எழிலரசி தோல் பக்கமே போகாமல் படித்து மேலே வர வேண்டும் என்பது அவர் ஆசை. எழிலரசி படித்தாள், மேலே வந்தாள், தோல் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் ஆனாள்.

சத்துவாச்சாரியில் இரண்டாவது மாடியில் ஃபிளாட் வாங்கி அப்பா அம்மாவையும் கூட்டிவந்தாள். வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஒரு நீளச் சுருளை ஹாலில் பிரித்துப் போட்டாள். பழுப்பும் வெள்ளையுமாக ஒரு முழு மாட்டுத் தோல். நாலு கால், கழுத்து, வால் இருந்த இடம், எல்லாம் அப்படியே. முடியும் அப்படியே.

"இன்னாம்மா இது? முடி எடுக்க மறந்துட்டாங்களா?"

"ஹால் ரக்குப்பா. ஃபாரின் பையருக்குச் செஞ்ச சாம்பிள். முடி இருந்தாத்தான் விலை ஜாஸ்தி."

பச்சையப்பன் மண்டிபோட்டு உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தார். "இதோ பாரு, உண்ணிக் கடி. இது சூட்டுக் குறி. பின்னங்கால்ல கத்தி பட்டிருக்கு. எங்க செலக்‌ஷன்ல இது ரிஜெக்ட்."

"அதுக்குப் பேரு நேச்சுரல் கேரக்டர்ப்பா. அதுக்குத்தான் பையர் கேட்டு வாங்குறான்."

பச்சையப்பன் அந்தச் சூட்டுக் குறியை மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தார்.

அதை எங்கே போடுவது என்பதில் அந்த ஞாயிறு முழுக்கப் போனது. சோபாவின் முன்கால் இரண்டும் கம்பளத்தின் மேல் இருக்க வேண்டும் என்று எழிலரசி போனில் பார்த்து வைத்திருந்தாள். பச்சையப்பனின் மனைவி ராஜம்மாளுக்கு வேறு கவலை. "தலைமாடு சாமி ஷெல்ஃப் பக்கம் வரக்கூடாது" என்றாள். கழுத்தைத் திருப்பினால் வால் பக்கம் வாசலைப் பார்த்தது. "வர்றவங்களுக்கு முதல்ல இதையா காட்டறது?" என்று அதையும் தடுத்தாள். கடைசியில் தோல் டீபாய்க்குக் கீழே, யாருக்கும் பிடிக்காத ஒரு கோணத்தில், குறுக்காகக் கிடந்தது.

புதன்கிழமை காலை பச்சையப்பன் டீ டம்ளரோடு வந்தார். ராஜம்மாள் அப்போதுதான் தரை துடைத்திருந்தாள். கழுத்துப் பக்கம் கால் வைத்ததும் மாடு அவரையும் இழுத்துக்கொண்டு டிவி ஸ்டாண்டு வரை போனது. வலது மணிக்கட்டு முறிந்தது.

"எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"மாட்டுத் தோல் வழுக்கிடுச்சு சார்."

"தோல் ஷாப்பா?"

"இல்ல சார். எங்க வூட்டு ஹால்."

கொழகொழவென்று சுண்ணாம்பும் கொழுப்புமாய்க் கிடந்த ஷாப் தரையில் முப்பத்தோரு வருஷம் செருப்பில்லாமல் நடந்தபோது அவர் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அதை டாக்டரிடம் சொல்ல நினைத்தார். சொன்னால் நம்பமாட்டார் என்று விட்டுவிட்டார்.

எதிர் ஃபிளாட் நசீமுன்னிசா பார்க்க வந்தாள். மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு நேராகக் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். "அடியில ஒண்ணும் போடலியாண்ணா? வெறும் டைல்ஸ் மேல போட்டா எண்ணெய் ஊத்தி வெச்ச மாதிரிதான். ரப்பர் வலை விக்குது, வாங்கிப் போடுங்க. சுத்தி ரெண்டு விரல் கம்மியா வெட்டுங்க. வெளிய எட்டிப் பார்த்தா அசிங்கம்." ராஜம்மாள் வெட்ட, பச்சையப்பன் இடது கையால் பிடித்துக்கொள்ள, அன்றே வலை போட்டார்கள். மாடு அசையாமல் நின்றது.

ஆறு வாரம் மாவுக்கட்டோடு அந்த மாட்டின் எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. எழிலரசி அதைப் பார்த்துக்கொள்ளும் முறைகளை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். "தோலைப் பத்தி எனக்கே பாடமா?" என்றார். ஆனால் உள்ளுக்குள் ஒரு சங்கடம். முடியை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியும். எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாது. ராஜம்மாள் தூங்கும் நேரம் பார்த்து ஃபிரிட்ஜ் பக்கம் போய்ப் படித்துவிட்டு வந்தார். முடி படிந்த வாக்கிலேயே பிரஷ் போட வேண்டும். எதிர்வாக்கில் இழுத்தால் உதிரும். தினமும் போட்டார்.

சித்திரை வெயில் பால்கனி வழியாக வந்து விழுந்ததில் பின்னங்கால் இரண்டும் அப்பளம் மாதிரிச் சுருண்டன. இதற்கு ஃபிரிட்ஜ் காகிதத்தில் வழி இல்லை. பச்சையப்பனிடம் இருந்தது. தோலைக் குப்புறப் போட்டு, சதைப் பக்கத்தை ஈரத்துணியால் லேசாகத் துடைத்து, எழிலரசியின் எம்பிஏ புத்தகங்களை மேலே அடுக்கி, இரண்டு நாள் நிழலில் விட்டார். கால்கள் படிந்தன. அந்தப் புத்தகங்களை யாரும் தொட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வெயில் ஒரே பக்கம் தின்னாமலிருக்க மாதம் ஒருமுறை தோலைத் திசை மாற்றிப் போட்டார். மோர் கொட்டியபோது ராஜம்மாள் பக்கெட்டோடு ஓடிவந்தாள். "தண்ணி ஊத்தாதே!" என்று கத்தி, ஸ்பூனால் வழித்து, காய்ந்த துண்டால் ஒற்றி எடுத்தார்.

ஃபிளாட் சங்கத்துச் செயலாளர் காசிநாதன் தண்ணீர்த் தொட்டி விஷயமாகக் கையெழுத்து வாங்க வந்தார். சோபாவில் உட்கார்ந்தபடியே குனிந்து தோலைத் தடவினார்.

"இம்போர்ட்டடா?"

"ஆம்பூர் சார்."

தடவிய கை மேலே வந்துவிட்டது.

"டிசைன் இத்தாலி அங்கிள்" என்றாள் எழிலரசி.

கை மறுபடி கீழே போனது. "அதானே பார்த்தேன். என்ன ஒரு ஃபினிஷிங்!"

அந்த ஃபினிஷிங் கெடாமல் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பச்சையப்பன் அரைமணி நேரம் சொன்னார். மறுநாளே அது சங்கத்து வாட்ஸ்அப்பில் வந்தது, 'லெதர் இண்டஸ்ட்ரி எக்ஸ்பர்ட் திரு. பச்சையப்பன்' என்ற பேரோடு. மூன்றாம் மாடியில் கம்பள ஓரம் மடங்குகிறது, கீழ் வீட்டில் கம்பளத்தில் பூச்சி என்று வீடு வீடாகக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தார். காபி கொடுத்து, சோபாவில் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார்கள். மூன்று தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். எந்த செக்‌ஷனில் இருந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"சுண்ணாம்புக் குழியில இறங்கி நின்ன எக்ஸ்பர்ட்டு வந்தாச்சா?" என்று ராஜம்மாள் மட்டும் கதவைத் திறந்துகொண்டே சிரிப்பாள்.

தீபாவளிக்கு முன்னால் எழிலரசி சாம்பல் நிறத்தில் புதுக் கம்பளம் ஒன்று ஆர்டர் போட்டாள். பிளாஸ்டிக் நூல், மெஷினிலேயே துவைக்கலாமாம். "இப்பல்லாம் பையருங்களே தோல் வேணாம்ங்கிறாங்கப்பா. இதை யாருக்காவது குடுத்துடலாம்."

"அளவு பார்த்தியா? பேப்பரை ஒட்டித் தரையில விரிச்சுப் பார்த்துட்டு வாங்கு."

அவள் பார்க்கவில்லை. வந்த கம்பளம் சோபாவுக்குக் கீழே கைக்குட்டை மாதிரி கிடந்தது. திருப்பி அனுப்ப நேரமில்லாமல் அங்கேயே இருந்துவிட்டது. அதில் மோர் கொட்டினாலும் யாரும் ஓடிவருவதில்லை.

யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு எழுவதற்குள் பச்சையப்பன் தோலை மடிக்காமல் சுருட்டித் தன் அறைக்குக் கொண்டுபோய், கட்டிலை ஒட்டித் தான் படுக்கும் பக்கத் தரையில் வலையைப் போட்டு அதன் மேல் விரித்தார். "மாட்டோட என்னால படுக்க முடியாது" என்று ராஜம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வாரம் பேஜார்.

மார்கழியில் தரை ஜில்லிட்டது. ஒருநாள் காலை அவர் குளித்துவிட்டு வந்தபோது ராஜம்மாள் கட்டிலில் அவர் படுக்கும் பக்கம் உட்கார்ந்து, இரண்டு காலையும் முடிக்குள் புதைத்திருந்தாள்.

"மெத்துன்னு இருக்குய்யா" என்றாள். எழுந்து, தோலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

பச்சையப்பன் குனிந்து, ரப்பர் வலையை எடுத்து அவள் பக்கம் போட்டார்.