தூண்களை உடைக்கச் சொன்ன செயலாளர்

செய்தி வந்தபோது இறக்காமத்தில் ஒரு மதகுக்குக் கொங்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். கல்முனையிலிருந்து சீமெந்து ஏற்றிவந்த உழவு இயந்திரக்காரர் இறங்கும்போதே சொன்னார்: "உங்கட செக்கட்டரி மௌத்தாகிட்டாராம். அஸர் தொழுகைக்குப் பிறகு மையத்தை எடுக்கிறாங்களாம்." வேலையாட்கள் மண்வெட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். பாதியில் நிறுத்திய கொங்கிரீட் பின்னாளில் அந்த இடத்திலேயே பிளக்கும். முடித்துவிட்டுத்தான் போவேன் என்றேன். கல்நெஞ்சன் என்று நினைத்திருப்பார்கள். நான் நிறுத்திவிட்டு ஓடியிருந்தால், சந்தூக்குப் பெட்டியில் கிடந்தபடியே அவர் என்னை ஏசியிருப்பார். அவரைத் தெரிந்த உங்களுக்கு இது விளங்கும்.

ஊருக்கே அண்ணன் முறையான உதுமாலெப்பை காக்காவுக்குக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடை. எங்கள் கரையை அடித்துப்போன சூறாவளிக்குப் பிறகு எங்கள் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்துக்குச் செயலாளரானார். கடைசிவரை அந்தப் பொறுப்பை விடவில்லை. கட்டட வேலை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இதை மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. அவரே சொல்வார்: "துணி கிழிஞ்சா எனக்குத் தெரியும் தம்பி. சுவர் கிழிஞ்சா நீதான் சொல்லணும்."

சங்கக் கூட்டத்தைப் பாடசாலை அதிபரின் அறையில் வைக்க அவர் சம்மதித்ததே இல்லை. எந்த இடம் பழுதோ அங்கேதான் கூட்டம். சூறாவளி கூரையைக் கொண்டுபோன மண்டபத்தில், மாரி மழையில், குடையைப் பிடித்துக்கொண்டு தீர்மானம் எழுதியிருக்கிறோம். காய்ச்சல் வந்துவிடும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். "நமக்கு இண்டைக்கு மட்டும்தான். புள்ளைகளுக்கு மாரி முழுக்க" என்றார். அந்தக் கூட்டத்தில்தான் புதிய கட்டடம் கட்டுவது முடிவானது.

கட்டும் வேலையை அவர் தன் மருமகன் ஜுனைதீனிடம் கொடுத்தார். படிப்பு விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த நான் அது பிழை என்று அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். சங்கத்தின் வேலையைச் செயலாளரின் வீட்டுக்குக் கொடுக்கக்கூடாது. அவர் சிரித்தார். வெளியாள் என்றால் தேடிப்போய் ஏச வேண்டும், மருமகனைச் சோறு தின்னும்போதே ஏசலாமாம். எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்தவன் பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவான். ஜுனைதீனும் அப்படித்தான். மாமனாரின் வளவுக்குள்ளேயே அவன் வீடும் இருந்தது, இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு.

அப்போது கரையோரம் முழுக்க வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆற்று மணல் கிடைக்கவில்லை. ஜுனைதீன் கடற்கரை மணலை எடுத்தான். களவாக எடுக்கவில்லை. உப்புப் போகட்டும் என்று குழி வெட்டி, பாடசாலைக் கிணற்றுத் தண்ணீரை இறைத்து இறைத்துக் கழுவினான். அந்தக் கிணறோ பிள்ளைகள் வாயில் வைக்காத உவர்க் கிணறு. தொழில்நுட்பக் கல்லூரியில் கடைசிச் சோதனையை எழுதிவிட்டு நான் ஊருக்கு வந்தபோது தூண்கள் கூரை உயரத்துக்கு எழும்பி நின்றன. மிச்சக் குவியலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது.

காக்கா அந்தத் தூண்களுக்கு நடுவிலேயே கூட்டம் போட்டார். எல்லாவற்றையும் உடைக்க வேண்டும் என்றேன். உப்பு உள்ளே இருக்கிற கம்பியைத் தின்னும், துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கொங்கிரீட் வெடிக்கும் என்று விளக்கினேன். கழுவின மணல்தானே என்றான் ஜுனைதீன். மணல் தின்னுகிற எஞ்சினியர் வந்திருக்கிறார் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெயர் எனக்கு இன்னும் இருக்கிறது. காக்கா சிரிக்கவில்லை.

"எத்தனை வருஷம் நிக்கும்?"

"பத்து வருஷத்துக்கு ஒண்டும் தெரியாது. அதுக்குப் பிறகு சொல்ல ஏலாது."

பத்து வருடம் போதும், அதற்குள் அரசாங்கம் புதிதாய்க் கட்டித் தந்துவிடும் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். காக்கா ஒரு தூணில் கையை வைத்தார்.

"அண்டைக்கு இதுக்குக் கீழ ஆரு இரிப்பாங்க?"

எனக்குப் பொறுமை கிடையாது. "இண்டைக்குத் தொட்டில்ல கிடக்கிற புள்ளைகள்தான்" என்றேன். ஜுனைதீனின் வீட்டிலும் ஒரு தொட்டில் கட்டியிருந்தது. அதை அங்கே யாரும் சொல்லவில்லை.

"உடைங்க" என்றார் காக்கா.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் அவர் எழுந்து நின்றார். "வேலையை மருமகனுக்குக் குடுத்தது நான். பிழை என்ர. அவனை ஆரும் ஏசாதீங்க" என்றார். அவ்வளவுதான். ஆனால் ஜுனைதீன் அன்று மாலையே பையைத் தூக்கிக்கொண்டு இறக்காமத்தில் இருந்த தன் உம்மாவிடம் போய்விட்டான். மருமகன் உம்மா வீட்டுக்குத் திரும்பிப் போனால் எங்கள் தெருவில் அதை விட வேறு கதை இருக்காது. காக்காவின் மகள் நடுக்கதவைச் சாத்தினாள். வாப்பாவின் கடைக்கு அவள் காலையில் அனுப்பும் தேநீரும் நின்றது. தூண்கள் உடைந்துகொண்டிருந்தன. அவர் கடையில் துணி அளந்துகொண்டிருந்தார்.

அறுவடை முடிந்ததும், சம்மாந்துறை விவசாயிகளைப் பிடித்து அவர்களின் உழவு இயந்திரங்களில் ஆற்று மணல் ஏற்றிவந்தார். வேலையை வேறு ஆளிடம் கொடுங்கள் என்று சங்கம் கேட்டது. மறுத்துவிட்டார். பிறகு என்னைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"மணல் வந்திட்டு. போய் அவனைக் கூட்டி வா."

"நானா? நீங்கதானே அவன்ர மாமா."

"நான் போனா ஊர் பாக்கும். அவனுக்கும் வெக்கம், எனக்கும் வெக்கம். உடைக்கச் சொன்னவன் நீ. கட்டுறதுக்கு ஆள் கூட்டி வாறதும் உன்ர வேலைதான்."

எனக்குச் சமாதானம் பேச வராது. கோபத்தோடேயே பஸ் ஏறினேன். ஜுனைதீனின் உம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "இவன்தானா அந்த மணல் தின்னுறவன்?" என்று கேட்டுவிட்டு, ஒரு கோப்பை எருமைத் தயிரைக் கொண்டுவந்து வைத்தார். ஜுனைதீன் கொல்லையிலிருந்து வந்து நின்றான்.

"ஆத்து மணல் வந்திட்டு. கம்பி வெயில்ல கிடக்கு. வாறியா?" என்றேன்.

"மாமா என்ன சொன்னார்?"

"ஒண்டும் சொல்லல்ல. வேற ஆளுக்கு வேலையைக் குடுக்கவும் இல்ல."

உள்ளே திரும்பி உம்மாவிடம் தன் சட்டையைக் கேட்டான். பஸ்ஸை விட்டு இறங்கி அவன் வீட்டு வாசலுக்கு வந்ததும், "மணலை நீயே நக்கிப் பாத்துத் தா. பிறகு குறை சொல்லாத" என்றான். மறுநாள் காலையில் காக்காவின் கடைக்குத் தேநீர் வந்தது.

இன்று ஜுனைதீனின் மகள் அந்தக் கட்டடத்தில்தான் படிக்கிறாள். கட்டி முடித்ததோடு காக்கா எங்களை விடவில்லை. வருடாவருடம் மாரிக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை ஏணி வைப்பார். நான் கூரையில், ஜுனைதீன் கூரை விளிம்பின் மழைநீர்ப் பீலியில், அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே ஏணியைப் பிடித்தபடி. ஓடு நகர்ந்திருக்கிறதா, பீலியில் இலை அடைத்திருக்கிறதா, கூரை வளையில் கறையான் ஏறியிருக்கிறதா என்று ஓயாமல் கேட்பார். எரிச்சலில் ஒருமுறை, இதற்கெல்லாம் ஒரு கூலியாள் போதாதா என்றேன். "திறப்பு விழாவுக்கு ஊரே வந்திச்சு தம்பி. பீலி துடைக்க நாம மூண்டு பேரும் வந்தா என்ன குறைஞ்சு போகுது?" என்றார். பின்பக்க வடிகான் வேலையை மட்டும் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். அதில் எனக்கு அவரோடு இன்னும் கோபம்தான்.

அன்று கொங்கிரீட்டை முடித்துவிட்டு அஸருக்குப் போய்ச் சேர்ந்தேன்; மையவாடியில் மண் போட்டு அடக்கி முடிந்தது. கையைத் தட்டிக்கொண்டு ஜுனைதீன் என் பக்கத்தில் வந்து நின்றான். "மாரி வருது. ஏணி எப்ப வெக்கிற?" என்று கேட்டான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அன்று தூணில் கையை வைத்து அவர் கேட்ட கேள்விதான். எந்த வரைபடத்தை விரித்தாலும், இதற்குக் கீழே யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்காமல் கையெழுத்து வைக்க முடிவதில்லை. வருகிற வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு ஏணி வைக்கிறோம். வடிகானையும் அன்றே வெட்டத் தொடங்குகிறோம். இந்த முறை ஏணியைப் பிடிப்பது நான். கூரையில் ஏற ஓர் ஆள் வேண்டும். அவருக்காக அழுதவர்களில் யாராவது வாருங்கள்.