அக்காவின் கல்யாண ஓலையும் என் இரண்டு குழாய் ரத்தமும்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட் குடியிருப்பில் என்னோடு வசித்துவரும் எனது இடது முழங்கால், கடந்த இருபத்திரண்டு நாட்களாக வீங்கவில்லை. பாராட்டு விழா எதுவும் ஏற்பாடாகவில்லை. வாழ்த்துகளைக் கமெண்டில் போடலாம்.

புதிதாக வருபவர்களுக்கு: எனக்கு ஹீமோபிலியா. ரத்தம் உறையத் தேவையான ஒரு பொருள் பிறவியிலேயே குறைவு. லேசாக இடித்தாலும் மூட்டுக்குள் கசிந்து வீங்கும். அப்பா வெட்டிக்கொண்டு வரும் ரப்பர் பால்கூட ஆசிட் ஊற்றினால் உறைந்துவிடுகிறது. என் ரத்தம் சீக்கிரம் உறையாது, அறிவுரை சீக்கிரம் உறைக்காது. ஃப்ரிட்ஜில் வைத்திருக்கும் ஃபேக்டர் என்ற மருந்தை வாரம் இரண்டு முறை நரம்பில் ஏற்ற வேண்டும். ஊசியைக் கண்டு அஞ்சாத சிங்கம் நான் என்பதைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். என் ஊசியை நானே கண்ணை மூடிக்கொண்டு போடுவேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

இனி சொல்லப்போகும் நாகர்கோவில் பயணத்துக்குக் காரணம் என்னுடைய ஒரு இருமல்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குத்தந்தை, எங்கள் பேச்சில் சாமி, அறிவிப்பார். என் அக்கா ஷெர்லினுக்கும் குழித்துறை அஜினுக்கும் ஜூன் மாதம் முதல் ஓலை. 'தடை ஏதும்' என்று சாமி நிறுத்திய இடத்தில் நான் ஒரு இருமல் இருமினேன். சாதாரண இருமல் இல்லை. பீடத்தில் மெழுகுவர்த்தி ஆடியது என்று சாட்சிகள் சொல்கிறார்கள். கோயிலே திரும்பிப் பார்த்தது. நான் செய்த குறும்புகளில் இதற்குத்தான் முதல் பரிசு.

துரதிர்ஷ்டம், அஜினின் அத்தையும் திரும்பிப் பார்த்துவிட்டார். பூசை முடிந்து வாசலில் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பயலுக்கு ரத்த சீக்குல்லா? அப்பம் பெண்ணுக்கும் இருக்குமே? ஒரு டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்ட காட்டுங்க. பிறவு ரெண்டாம் ஓலை வாசிக்கலாம்."

அத்தை கேட்டதில் பாதி சரி. இந்த நோய் அம்மா வழியாகத்தான் எனக்கு வந்தது. அக்காவிடமும் அந்த ஜீன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பூவா தலையாதான். இருந்தால் அவளை 'கேரியர்' என்பார்கள். சாப்பாட்டு கேரியர் இல்லை, இதில் எடுத்துப்போவது வேறு. அவளுக்குப் பிறக்கும் பையனுக்கு என் முழங்கால் கிடைக்கலாம்.

புதன்கிழமை காலை 6.50 பஸ். கீரிப்பாறையிலிருந்து தடிக்காரன்கோணம், பூதப்பாண்டி வழியாக நாகர்கோவில் வடசேரி. முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒன்றேகால் மணி நேரம். எனக்கு இருபத்து மூன்று ரூபாய். அக்காவுக்கு மகளிர் இலவசம். இடது பக்க சீட்டில் உட்காராதீர்கள், பூதப்பாண்டி தாண்டியதும் வெயில் கன்னத்தில் அறையும்.

"ரெண்டு பேரும் எங்க, சினிமாவுக்கா?" என்றார் கண்டக்டர்.

"ரத்தம் குடுக்கப் போறோம்ணே."

"நல்ல காரியம் மக்கா. யாருக்கு?"

"எங்களுக்கேதான்."

அவர் சில்லறையை என் கையில் வைத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார். அக்கா தொடையில் கிள்ளினாள். இடது காலைத் தவிர்த்துத்தான் கிள்ளினாள்.

வடசேரியிலிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோ எண்பது ரூபாய். முதலில் நூற்றிருபது என்பார்கள். ஆலோசனைக் கட்டணம் முந்நூறு. இங்கேதான் நான் யார் என்று உலகுக்குத் தெரிந்தது. அக்காவைச் சோதிக்க வேண்டுமென்றால் முதலில் என் ரத்தம் வேண்டும். ஜீனில் எழுத்துப்பிழை எந்த இடத்தில் என்று என்னிடம் கண்டுபிடித்து, அதே இடத்தை அவளிடம் பார்ப்பார்களாம். மூலப்பிரதி நான். அவள் வெறும் நகல் சரிபார்ப்பு.

டாக்டர் இளவயதுப் பெண். அக்காவிடம் தனியாக அரை மணி நேரம் பேசினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயது பதினெட்டு முடிந்து இரண்டு மாதம், ஆகவே கையெழுத்து என்னுடையது.

"ஒன் ரத்தத்துல என்ன பாக்கப் போறோம்னு தெரியுமா?"

"தெரியும் டாக்டர். என்னை மாதிரி இன்னொண்ணு வராம தடுக்கதுக்கு."

அவர் சிரிக்கவில்லை. இதற்கு எல்லோரும் சிரிப்பார்கள்.

"அத வச்சு என்ன செய்யணுங்கது ஒங்க அக்கா முடிவு. ரத்தம் குடுக்கது ஒன் முடிவு. வேண்டாம்னா வேண்டாம். காரணம் சொல்லாண்டாம். வெளிய நான் 'இன்னைக்கு எடுக்க முடியல'ன்னு மட்டும் சொல்லுவேன்."

பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேர் என் ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். எடுக்கலாமா என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். பேச்சை மாற்ற, ஒரே ஊசியில் குணமாக்கும் ஜீன் சிகிச்சை எனக்கு எப்போது என்று கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார். வெளிநாட்டில் வந்துவிட்டது, விலை நம் கைக்கு எட்டாது, ஒருமுறை ஏற்றி அது வேலை செய்யாமல் போனால் அதே வகையை இன்னொருமுறை ஏற்ற முடியாது. அது கல்லீரலில் வேலை செய்யுமே தவிர விந்தணுவைத் தொடாது. எனக்கு மகள் பிறந்தால் அவள் கேரியர்தான். இதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தேன், வரவில்லை.

படிவத்தை இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

என்னிடம் இரண்டு குழாய், அக்காவிடம் ஒன்று. எனக்கு ஊசி எடுத்த இடத்தில் பத்து நிமிடம் அழுத்த வேண்டும். நர்ஸ் பஞ்சு எடுப்பதற்குள் அக்காவின் கட்டைவிரல் அங்கே இருந்தது. அவள் படிவத்தை எட்டிப் பார்த்தேன். முடிவை யாருக்குச் சொல்லலாம் என்ற கேள்விக்கு 'எனக்கு மட்டும்' என்று எழுதியிருந்தாள்.

பதினொன்றரைக்கு வெளியே வந்தோம். உடனே வீட்டுக்குப் போக இருவருக்கும் மனமில்லை. அண்ணா பஸ் ஸ்டாண்டில் ரசவடை சாப்பிட்டுவிட்டுச் சுசீந்திரம் பஸ் ஏறினோம். ஆறு கிலோமீட்டர், பதினைந்து நிமிடம். தெப்பக்குளத்துப் படியில் நிழல் இருக்கும் பக்கமாக உட்கார்ந்தோம்.

"கேரியர்னு வந்தா என்ன செய்வ?" என்றேன்.

"தெரியலலே."

"கருவுலயே பாத்துரலாமாமே. பாத்து?"

"தெரியலன்னு சொன்னேன்லா? பிரசவத்துல எனக்கே ரத்தம் நிக்காம போவலாமாம். அதுக்காச்சும் தெரிஞ்சுக்கணும். மத்தது தெரியல. நீ வாய வச்சிட்டு சும்மா இரி."

இரண்டு படி கீழே இறங்கி அஜினுக்குப் போன் போட்டாள். ஒட்டுக்கேட்பதில் எனக்கு நல்ல அனுபவம்.

"ரத்தம் குடுத்தாச்சு. ரிசல்ட்டுக்கு அஞ்சு வாரம் ஆவும். அது எனக்குள்ளது. ஒன்கிட்ட நான் சொல்லுவேன். ஒங்க அத்தைக்கிட்ட காட்ட மாட்டேன். ரிசல்ட்ட பாத்துட்டுதான் ஓலை வாசிக்கணும்னா, வாசிக்காண்டாம்." அந்தப் பக்கம் என்ன பேச்சோ, நெடுநேரம் 'ம்' கொட்டினாள். கடைசியில், "வேற ஒண்ணும் இல்ல. ஒங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் இருக்கா? தம்பி வந்தா அவன் மருந்து கெட்டுப்போவும், அதான்" என்றாள்.

மூன்று மணி பஸ்ஸில் வடசேரி திரும்பி, அங்கிருந்து ஊர். வழியில் அவள் தூங்கினாள். நான் அவள் பையைக் காவல் காத்தேன். சனிக்கிழமை அஜினின் அப்பா சாமிக்குப் போன் செய்து, காத்திருக்க வேண்டாம் என்று சொன்னார். ஞாயிறு இரண்டாம் ஓலை, அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை. அத்தை இரண்டுக்கும் வரவில்லை. ரிசல்ட் வந்தபோது அக்கா தனியாகப் போய் வாங்கினாள். எனக்கு என்னவென்று தெரியாது. அவள் முகத்தில் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. கேட்கவும் இல்லை.

இதே காரியத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு: நோய் உள்ளவரைக் கூட்டிக்கொண்டு, பழைய பரிசோதனைச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் அலைச்சல் இரண்டு மடங்கு. லேப் கட்டணத்தைப் போனிலேயே கேட்டுவிடுங்கள். முடிவை யார் யார் பார்க்கலாம் என்று கையெழுத்துக்கு முன்பே எழுதுங்கள். பின்னால் எழுத இடம் இருக்காது. அத்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

இனி ஒரு சின்னத் திருத்தம். முதல் பரிசு வாங்கிய அந்த இருமல் குறும்பு இல்லை. சாமி அக்கா பெயரோடு குழித்துறை என்று சேர்த்து வாசித்தபோது கண் நிறைந்துவிட்டது. அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவன் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று இருமினேன். ஏழு வருடமாக என் ஊசி ஒவ்வொன்றையும் போட்டவள் அக்கா. கண்ணை மூடிக்கொள்வது மட்டும்தான் என் பங்கு, அதில் நான் பொய் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாள். மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் நரம்பு தப்பியது, அவளே போட்டாள். ஆகவே மேலே அறிவித்த முழங்கால் சாதனையும் என்னுடையதில்லை. வாழ்த்துகளை அவள் பெயருக்குப் போடவும்.