தெள்ளுக்கு வந்த ஆறாம் நாள்

கந்த சஷ்டி ஆறாம் நாள் சூரசம்ஹாரம் முடியும் வரை ஓர் உயிரையும் கொல்வதில்லை என்று முருகனிடம் நேர்ந்திருந்தேன். அந்த வருஷம் பார்த்து எங்கள் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி பிடித்தது. பாயெல்லாம் பரவி, பூஜையில் உட்கார்ந்தால் கணுக்காலைக் கடித்தது. நசுக்கக் கை துடித்தது. "ஆறாம் நாள் வரட்டும்" என்று தெள்ளிடமே சொல்லி வைத்தேன்.

இலஞ்சிக் கோயிலில் சூரசம்ஹாரம் பார்த்து வந்ததும் பாய்களில் வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். பூனையை அரிக்கேன் விளக்கடியில் மடியில் போட்டு, பேன்சீப்பால் வாரி, ஒவ்வொரு தெள்ளாகச் சோப்புத் தண்ணீரில் தட்டினேன்.

"ஏட்டி, சூரன் மேல முருகனுக்குக்கூட இவ்வளவு கோவம் இல்லையே" என்றார் வீட்டுக்காரர்.

"சூரன் அவரை ஆறு நாளாக் கடிச்சானா?"

கடைசித் தெள்ளும் மூழ்கிய பிறகுதான் எழுந்து விரதத்தை முடித்துச் சோறு சாப்பிட்டேன்.