எதிர் வீட்டுக்குக் கடைசித் தபால்

பவழமல்லித் தெரு தபால் நிலையத்துக்கு நேர் எதிரே, ரோட்டைத் தாண்டினால் அய்யாதுரையின் வீடு. பதினேழே தப்படி. அவரே எண்ணிப் பார்த்திருக்கிறார். ஆனால் அந்த வீட்டுக்குத் தபால் வருவது மதியம் ஒரு மணிக்கு. காலை பத்தரைக்குப் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும் பொன்மணி, எதிர் வாசலில் நிற்கும் அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு இடப்பக்கம் திரும்பி நடந்துவிடுவாள். கோபாலபுரத்தின் அந்தப் பக்கத்து ஆறு தெருக்களையும் சுற்றி, இருநூற்றுச் சொச்சம் வாசல்களைக் கடந்து, தபால் உள்ள வீடுகளில் "போஸ்ட்டேய்!" என்று குரல் கொடுத்துவிட்டுக் கடைசியாகத்தான் அவர் கேட்டைத் திறப்பாள். இருபத்திரண்டு வருடமாக இதே கூத்து.

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்து ஊரையே வரிசையில் நிறுத்திய மனிதருக்குத் தன் வீடு வரிசையில் கடைசி என்றால் பொறுக்குமா? வருடத்துக்கு ஒரு புகார் எழுதுவார். பதிலும் வரும், ஒரு மணிக்கு, பொன்மணி கையால்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தபால் நிலையச் சுவரில் அந்த அறிவிப்பு ஒட்டப்பட்டது. பவழமல்லித் தெரு நிலையத்தை மூடிப் பெரிய நிலையத்தோடு சேர்க்க உத்தேசம். கடிதங்களெல்லாம் இனி ஊருக்கு வெளியே ஒரு விநியோக மையத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம்.

பொன்மணிக்கு மோட்டார் சைக்கிள் என்ன, சைக்கிளே ஓட்டத் தெரியாது. அதனால் அவளுக்கு மையத்துக்குள்ளேயே உட்கார்ந்து தபால் பிரிக்கிற வேலை. அந்த மையமோ பெரும்பாக்கத்தில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பக்கத்தில். மகள் கயல் துள்ளிக் குதித்தாள்.

"ரெண்டு பஸ் மாறி லோல் பட்டுக்கினு கீற. வூட்டாண்டயே வேல வருது, நீ இன்னாமா மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு கீற?"

"ஆத்தாண்ட குடிசல இருந்தவள லாரில ஏத்தி இங்க கொண்ணாந்து கொட்டுனாங்க. அப்ப எவனாவது என்னிய கேட்டானா? அந்த ஆறு தெருதான் இன்னும் எனுக்கு மெட்ராஸு. அதையும் புடுங்கினா நான் எங்கடி நடப்பேன்?"

அடுக்குமாடிக்கு வந்து பத்து வருடமாகியும் அவளுக்கு அங்கே நாலு பேரைத் தெரியாது. கோபாலபுரத்தில் நாய்கள்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறைதான். அதை விட்டுப்போக அவளுக்கு மனசே இல்லை.

கருத்துக் கேட்பு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "லாபத்துக்கா நடத்துறாங்க தபாலாபீஸை?" என்றார் ஒருவர். "நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது?" என்றார் இன்னொருவர். "ஆத்துல ஒரு பார்சல் வந்தா, பூட்டிண்டு போயிருந்தாலும் பத்திரமா வச்சிருந்து குடுப்பா அந்தப் பொன்மணி. மோட்டார் சைக்கிள்காரன் செய்வானோ?" என்று மயிலாப்பூரிலிருந்து குடிவந்த ஒரு மாமி கேட்டபோது கைதட்டல் கிளம்பியது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் அய்யாதுரை எழுந்தார். "எதுத்தாப்ல ஆபீசு இருந்தும் மதியந்தான் லெட்டர் வருது. அதுக்கு எதுக்கு ஒரு ஆபீசு? மூடிட்டுப் போங்க," என்று ஒரே போடாகப் போட்டார்.

வந்திருந்த அதிகாரி தாளைப் பார்த்தார். "இந்த வட்டத்தில் ஒரு நாளைக்கு முப்பத்தெட்டுத் தபால்தான். நூறாவது இருந்தால் யோசிக்கலாம்."

பின்வரிசையில் நின்ற பொன்மணிக்கு முகம் சுண்டிவிட்டது. அப்போது முன்வரிசையில் ஒரு பட்டுச்சேலை எழுந்தது. அய்யாதுரையின் மனைவி சரோஜாதேவி.

"நூறு போதுமா சார்? ரெண்டு வாரம் டைம் தாங்க. அப்புறம் எண்ணிப் பாருங்க."

அய்யாதுரை வாயைப் பிளந்தார். அதிகாரி எதற்கு வம்பு என்று ஒத்துக்கொண்டார்.

அந்த இரண்டு வாரம் தெருவுக்குப் பைத்தியம் பிடித்தது. நிலையத்தில் இருந்த தபால் கார்டெல்லாம் தீர்ந்து, போஸ்ட் மாஸ்டர் ஜுவேரியா பக்கத்து நிலையங்களில் கேட்டு வாங்கிவந்தார். இரண்டாம் மாடி மூன்றாம் மாடிக்கு எழுதியது. 'பூந்தொட்டித் தண்ணீர் எங்கள் துணி மேல் விழுகிறது' என்று போன கார்டுக்கு, 'பூ வாசம் வரும்போது புகார் எழுதினீர்களா?' என்று பதில் போனது. ஆறு வருடமாகப் பேசாத இரண்டு ஓரகத்திகள் நலம் விசாரித்துக்கொண்டார்கள். ஒரு வீட்டு நாய்க்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது, பின்கோடு போட்டு.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பொன்மணி கார்டுகளைப் படிப்பாள். ஒளித்தெல்லாம் படிப்பதில்லை. "மூடுன கவரு அவங்கவங்களுக்கு. கார்டு எல்லாருக்கும்," என்பது அவள் சட்டம். அதனால் கார்டோடு விமர்சனமும் வீடு தேடி வந்தது. "பதில் போடலியா இன்னும்? அங்க அந்தம்மா கேட்டாண்டயே நின்னுகினு கீது, சீக்கிரம் எழுதுங்க!"

அதிகம் கார்டு வந்தது அய்யாதுரைக்குத்தான். எல்லாம் திட்டு. தினம் பதினைந்து. மூடச் சொன்ன மனிதர் சும்மா இருந்தாரா? ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் எழுதி, அன்றாடம் பதினைந்தைத் தன் கையாலேயே கூட்டிவிட்டார். சமையலறையிலிருந்து சரோஜாதேவி கூடத்துக்கு ஒரு கார்டு போட்டாள். 'நாளை என்ன குழம்பு? பதில் தபாலில் தெரிவிக்கவும்.' அவர் வீம்புக்குப் பதில் போடாமல் இருந்து மூன்று நாள் வெறும் ரசம் சாப்பிட்டார். நான்காம் நாள் 'புளிக்குழம்பு' என்று எழுதிப் பெட்டியில் போட்டார். அது வந்து சேர மேலும் இரண்டு நாள் ஆனது.

கடைசி நாள் கணக்கு நூற்று எழுபத்தொன்று. பொன்மணியின் தோள்பட்டை வீங்கிவிட்டது. ஆனால் அவள் நடையில் ஒரு துள்ளல், ஐம்பத்திரண்டு வயதில் பார்க்கச் சிரிப்பாகவும் ஆசையாகவும் இருந்தது.

பிறகு ஒரு மாதம் ஒன்றுமில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, கட்டைப் பிரித்து வரிசைப்படுத்தும்போது அவள் கையில் ஒரு பழுப்புக் கவர் சிக்கியது. அனுப்பியது தலைமை அலுவலகம். பெறுநர்: செயலாளர், குடியிருப்போர் சங்கம். அய்யாதுரை வீடு.

"மேடம், முடிவு வந்துச்சு," என்றாள்.

ஜுவேரியா எட்டிப் பார்த்தார். "நம்ம ஆபீசுக்கு இன்னும் நகல் வரல பொன்மணி. எதிர் வீடுதானே, கொண்டுபோய்க் குடுத்துடுங்க. என்னன்னு தெரிஞ்சுடும்."

பொன்மணி கவரை வெளிச்சத்தில்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. பையில் அதன் இடத்தில், எல்லாவற்றுக்கும் கடைசியில், செருகினாள். "வரிச மாறாது மேடம்."

விஷயம் அவளுக்கு முன்னால் தெருவைச் சுற்றிவிட்டது. அய்யாதுரை கேட்டிலேயே நின்றார். "ஏம்மா, இன்னைக்காவது மொதல்ல குடுத்துட்டுப் போயேன்!"

"ஒரு மணிக்கு வரேன் சார்." இடப்பக்கம் திரும்பினாள்.

அவருக்கு என்ன தோன்றியதோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே கிளம்பிவிட்டார். அடுத்த வாசலில் மாமி சேர்ந்துகொண்டாள். இஸ்திரிக்காரர் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தார். ஓரகத்திகள் கைகோத்து வந்தார்கள். மூன்றாம் தெருவில் நாற்பது பேர், பிறந்தநாள் கொண்டாடிய நாய் உட்பட. சாமி ஊர்வலத்துக்கு வழிவிடுவதுபோல ஆட்டோக்கள் ஒதுங்கி நின்றன. பொன்மணி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மின்கட்டணச் சீட்டைக்கூட விடாமல் வாசல் வாசலாகக் கொடுத்தாள். இதுவே கடைசிச் சுற்றாக இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும்.

ஐந்தாம் தெருவில் அய்யாதுரைக்கு மூச்சு வாங்கியது. "இத்தன தூரமா... தெனமும்?"

"வெயில்ல இன்னும் நீளும் சார்."

"எங்க வீட்ட மட்டும் ஏம்மா கடைசில வச்சே?"

அவள் அடுத்த கேட்டைத் திறந்து "போஸ்ட்டேய்!" என்றாள்.

ஒரு மணிக்கு அவர் வீட்டு வாசல். கேட்டருகே சரோஜாதேவி நின்றிருந்தாள், கையில் ஒரு செம்பு நிறைய மோர், கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்டது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"தெனமுமா?" என்றார் அய்யாதுரை மனைவியிடம்.

"இருபத்திரெண்டு வருசமா. நீங்க அந்நேரம் உள்ள சாப்பிட்டுட்டு இருப்பீங்க."

"உங்க வூடு மொதல்ல வந்தா, இத குடிச்சிட்டு எப்டி சார் நடக்கறது? நடந்து முடிச்சவளுக்குத்தான் குந்த எடம் வேணும்," என்றாள் பொன்மணி. கவரை நீட்டினாள்.

அவர் பிரித்தார். கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது. எழுத்தெல்லாம் எறும்பு. காகிதத்தை அவளிடமே கொடுத்தார். "நீயே படி."

"மூடுன கவரு சார்."

"அதான் தொறந்துட்டேன்லா? கார்டுன்னு நெனச்சுப் படி, சத்தமா."

பொன்மணி படித்தாள். "மேற்படி தபால்களில் பெரும்பாலானவை... குடியிருப்போர் தங்களுக்குள் எழுதிக்கொண்டவை எனத் தெரியவருகிறது." கூட்டம் இன்னும் நெருங்கியது. "ஆயினும்... அவையும் தபால்களே. எனவே நிலையத்தை மூடுவது ஓராண்டுக்கு..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. "...தள்ளி வைக்கப்படுகிறது," என்று ஜுவேரியா எதிர்ப்பக்கப் படியில் நின்றபடியே கத்தி முடித்தார். அந்த வரி அவருக்கு எப்படித் தெரிந்தது, அவருக்கான நகல் எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க ஆளில்லை, எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். பொன்மணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, அழுதுகொண்டே மோரைக் குடித்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கட்டைப் பிரிக்கும்போது போஸ்ட் மாஸ்டர் பெயருக்கு ஒரு கார்டு இருந்தது. பழக்கமான கையெழுத்து, வருடாந்தரப் புகார் கையெழுத்து. கார்டு எல்லாருக்கும்தானே? பொன்மணி படித்தாள்.

'அம்மையீர், எங்கள் வீட்டுத் தபால் தினமும் கடைசியாகவே வந்துகொண்டிருக்கிறது. இந்த வரிசையை யாராவது மாற்றினால் மேலிடத்தில் புகார் செய்வேன். இப்படிக்கு, அய்யாதுரை.'

கார்டை ஜுவேரியாவின் மேஜையில் வைத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். எதிர் வாசலில் அவர் நின்றார். வணக்கம் வைத்துவிட்டு, இடப்பக்கம் திரும்பி நடந்தாள்.