ஈரம் போயிருக்கு, சார்

புதுவாயலில் என் கடை மேசை மீது ஒரு பழைய பென் டிரைவ் கிடக்கிறது. கட்டைவிரலில் பாதிகூட இருக்காது. இன்று ஒரு கல்யாண வீடியோவைக்கூட அதில் அடைக்க முடியாது. கடைக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். அதன் வால் பக்கத்தில் கயிறு கோக்க ஒரு சின்ன ஓட்டை உண்டு. அந்த ஓட்டையில் பல வருடம் ஒரு சிவப்பு நூல் இருந்தது. இப்போது இல்லை. நூலைக் கட்டியவரும் அவிழ்த்து எடுத்துக்கொண்டவரும் ஒருவரே.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் ஆலைகளுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. பைக்கில் பையை மாட்டிக்கொண்டு ஆலை ஆலையாகச் சுற்றுவேன். அவற்றில் ஒன்று பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலை. அதன் வாசலை ஒட்டி எடைமேடை. எல்லோருக்கும் அது வே பிரிட்ஜ்தான். லாரி மேடையில் ஏறி நின்றதும், பக்கத்து அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் எடை விழும், சீட்டு அச்சாகி வரும். அந்த நாற்காலியில் இருந்தவர்தான் அக்கா. பக்கத்துக் கிராமத்தில் நெல் பயிரிடும் குடும்பத்து மருமகள். அந்த ஊரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த முதல் பெண் என்பதை நேராகச் சொல்லிக்கொள்ள மாட்டார். ஆனால் "எங்க பொண்ணு ஸ்கூல்ல சொல்லிக்கினு திரியுது, எங்கம்மா கம்ப்யூட்டர்ல இருக்காங்கன்னு" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது நம் காதில் போட்டுவிடுவார். ஆந்திரா டிரைவர்கள் வரிசையை முறித்துக்கொண்டு வந்தால், "இன்னா நைனா, மாமியார் ஊடா இது? பின்னாடி போ" என்று ஜன்னல் வழியாக ஒரு சத்தம். லாரி தானாகப் பின்னால் போகும்.

எனக்கோ எதையும் விட்ட இடத்தில் மறக்கிற புத்தி. ஸ்க்ரூ டிரைவர், சார்ஜர், ஒரு தடவை ஹெல்மெட்டையே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். ஒருநாள் பென் டிரைவை அவர் மேசையிலேயே விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தபோது, அக்கா எடைச் சீட்டுக் கட்டுகளைக் கட்ட வைத்திருந்த சிவப்பு நூலில் ஒரு முழம் அறுத்து, அந்த ஓட்டையில் கோத்து, மூன்று முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். "இத்தனூண்டு பொருளு, கண்ணுக்கே தெரியாது. நூலு தொங்கினா நெனப்பு வரும் பாரு. பாத்து போய்ட்டு வா தம்பி" என்றார். நான் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் சொல்லும் அந்தக் கடைசி வார்த்தை, சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதைப்போல அவருக்கு.

அந்த எடைமேடைக் கம்ப்யூட்டர் வருடம் முழுக்க அணையாது. லாரி இரவும் பகலும் வரும். ஆயுத பூஜை விடுமுறைக்கு மட்டும்தான் அதற்கு ஓய்வு. அந்த வருடம் பூஜைக்கு முந்தைய நாள் காலையில் பிரிண்டருக்கு ஏதோ ஏற்ற வேண்டும் என்று போனேன். பென் டிரைவைப் பெட்டியின் பின்பக்கம் செருகினேன், வேலையை முடித்தேன், வழக்கம்போல அதை அங்கேயே மறந்தேன். அதற்குச் சில மாதம் முன்பு விண்டோஸ் போட்டபோது, ஆன் ஆனதும் முதலில் பென் டிரைவில் தேடு, அப்புறம் ஹார்ட் டிஸ்க்குக்குப் போ என்று அந்த மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தேன். வேலை முடிந்ததும் அதைப் பழையபடி மாற்றியிருக்க வேண்டும். அதையும் மறந்திருந்தேன். ஓடிக்கொண்டிருக்கிற வரை ஒன்றும் தெரியாது. அணைத்துப் போட்டால்தான் தெரியும்: விண்டோஸ் இல்லாத பென் டிரைவில் தேடிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும்.

அன்று சாயங்காலம் அக்கா அதை அணைத்தார், துணியால் துடைத்தார், பெட்டிக்குச் சந்தனம் பூசினார், ஆன் சுவிட்சைச் சுற்றி ரூபாய் நாணயம் அளவுக்குக் குங்குமப் பொட்டு வைத்தார். சாமந்திப் பூ, எலுமிச்சம்பழம், கற்பூரம், எல்லாம் முறையாக நடந்ததாம். இதெல்லாம் பிறகு எனக்குச் சொல்லப்பட்டது, குற்றப் பட்டியலாக.

விடுமுறை முடிந்த காலை எனக்குப் போன் வந்தது. போய்ச் சேர்ந்தபோது லாரிகள் வாசலைத் தாண்டி ரோட்டில் நின்றன. கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை; இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. அக்கா சுவர் ஓரமாக நின்றார். மேனேஜர் என்னைப் பார்த்ததும் வெடித்தார்: "பொட்டு வெச்சாங்களாம் பொட்டு! மெஷினா, அம்மன் சிலையா? தண்ணியா குழைச்சு ஊத்தியிருக்காங்கய்யா! நீ பாத்து சொல்லு. உங்க ஆளுங்க செஞ்ச வேலைன்னு தெரிஞ்சா, உங்க கம்பெனிக்கு இன்னையோட கும்பிடு."

கேபிள் சரியாக இருக்கிறதா என்று பெட்டியின் பின்னால் கையை விட்டேன். விரலில் நூல் தட்டியது.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பென் டிரைவைப் பிடுங்கி, மேனேஜரைப் பார்த்துத் திரும்பி, "என் தப்பு சார், மறந்துட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். நான்கு சொல். நான் அதை உள்ளங்கையில் மடக்கிப் பேண்ட் பாக்கெட்டில் போட்டேன். "இன்னாய்யா, ஈரம் போயிருக்கா?" என்று மேனேஜர் பதிலையும் அவரே எடுத்துக் கொடுத்தார். "ஈரம் போயிருக்கு, சார்" என்றேன்.

அதோடு விட்டேனா? இல்லை. இனி சுவிட்சைத் தட்டினால் போதும், மெஷின் எழுந்துவிடும். அது எனக்குத் தெரியும். ஆனால் ஈரம் என்று சொல்லிவிட்ட பிறகு ஈரத்தை எடுத்துக் காட்ட வேண்டுமே! பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த மெமரி கார்டைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் பித்தளை நிறப் பற்களைத் தேய்த்தேன். ஊதினேன். மின்விசிறிக்கு நேரே பிடித்தேன். முக்கால் மணி நேரம் நாடகம் ஆடினேன். எனக்கு டார்ச் பிடித்தது யார் தெரியுமா? அக்காதான். மெஷின் ஓடியதும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். மறு வாரமே அக்காவை அந்த அறையிலிருந்து எடுத்து, பழைய இரும்பு கொட்டும் யார்டில் போட்டார்கள். வெயிலில் நின்று லாரி நம்பரை நோட்டில் எழுதுகிற வேலை. டிரைவர்கள் 'சந்தனக்கா' என்று பெயர் வைத்தார்கள்; அவர்களைப் பின்னால் போகச் சொல்லிச் சத்தம் போட்ட குரல் அதன் பிறகு எழும்பவில்லை. ஒருநாள் யார்டைக் கடந்து போன என்னை நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நல்லவேளை நீ வந்தே தம்பி. வேற யாருனா இருந்தா மெஷினே போச்சுன்னு சொல்லியிருப்பாங்க. என் வேலையே போயிருக்கும். பாத்து போய்ட்டு வா." நான் போய்விட்டேன். அப்புறம் அந்த ஆலைக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டேன். இரண்டு வருடம் கழித்துச் சொந்தக் கடை போட்டேன். பென் டிரைவை மட்டும் தூக்கிப் போட முடியவில்லை, சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டேன்.

போன வருடம் அக்காவிடமிருந்து போன் வந்தது. அந்தப் பூஜைக்குப் பிறகு ஏழு வருடம் ஓடியிருந்தது. மகளின் படிப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையாம். "உன்ன உட்டா எனக்கு யாரு தம்பி தெரியும்?" என்றார். போனேன். அக்கா கறுத்திருந்தார். அறைக்குள் வரவில்லை. வாசற்படிக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, நான் கேட்கும் முன்பே சொன்னார்: "நான் தொடவே இல்ல தம்பி. தூசு தட்டறதுகூட பொண்ணுதான்." அவர் வீட்டுக்காரர் சிரித்தார்: "இவள கிட்டயே சேக்கறதில்லப்பா. கை ராசி அப்பிடி."

பெட்டியைத் திறந்து ஆன் செய்தேன். பீப் பீப் என்று கத்தியது. மெமரி கார்டுதான். இந்த முறை நிஜமாகவே அதில் அழுக்கு. பையிலிருந்து ரப்பரை எடுத்தேன், இரண்டு தேய்ப்புத் தேய்த்தேன், அதற்கு மேல் கை ஓடவில்லை. "அக்கா, அன்னிக்கு ஈரமே இல்ல" என்றேன்.

சாவிக்கொத்தை எடுத்துக் காட்டி முழுக்கச் சொன்னேன். அக்கா படியைத் தாண்டி உள்ளே வந்தார். நூலைத் தொட்டுப் பார்த்தார். "இது நான் கட்டினது" என்றார். பிறகு, "அப்போ என் கை இல்லியா?" என்றார்.

"இல்லக்கா. என் கை."

"என்னாங்க, இங்க வாங்க. தம்பி, இவுருகிட்ட இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை கஷ்டமாக இருந்தது. வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. "ஏழு ஆயுத பூஜை தம்பி. ஒவ்வொரு வருசமும் தூரமா நின்னுக்கினு கன்னத்துல போட்டுக்கினேன், தப்பு பண்ணிட்டேன் தாயேன்னு. அந்த சரஸ்வதிக்குத் தெரியும், உனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது" என்றார்.

பிறகு என் கையிலிருந்து சாவிக்கொத்தை வாங்கி, தரையில் உட்கார்ந்து, வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து அந்த மூன்று முடிச்சையும் நெம்ப ஆரம்பித்தார். அழுக்கேறி இறுகிப்போன முடிச்சு. கத்தரி அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, எடுக்கவில்லை. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். அவர் வீட்டுக்காரரும் நானும் நின்றுகொண்டே இருந்தோம். நூலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, சாவியையும் பென் டிரைவையும் என்னிடம் நீட்டினார். மெமரி கார்டைத் துடைத்து மாட்டி மெஷினை ஓடவிட்டேன்.

"வரேங்க்கா" என்றேன்.

"போ" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் உண்மையைச் சொல்ல அந்த ஆலைக்குப் போனேன். பழைய மேனேஜர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். புதியவர் கேட்டுவிட்டு, "இதுக்கா சார் இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று சிரித்தார். எடைமேடை நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். அக்கா யார்டில்தான் இருந்தார். என்னைப் பார்த்தார், நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை.

இந்த ஆயுத பூஜைக்கு அவர் மகள் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்; பெட்டி முழுக்கச் சந்தனம்; ஆன் சுவிட்சைச் சுற்றி ஒரு பெரிய குங்குமப் பொட்டு. அனுப்பியது மகள்தான், அக்கா அல்ல. என் கடையிலும் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தேன். பென் டிரைவுக்கு வைக்கவில்லை. இப்போதும் அதை அங்கே இங்கே மறந்துவிட்டுத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். எதிர்க் கடையில் நூல் விற்கிறது. வாங்கிக் கட்ட ஒரு நிமிடம் ஆகாது. இன்னும் கட்டவில்லை.