ராம்சகி டிக்கெட் வாங்கினாள்

பேத்வா ஆற்றங்கரையில் இருக்கும் ஒர்ச்சாவில், விடுதிகளின் படுக்கை விரிப்புகளை இருபத்திரண்டு வருஷமாகத் துவைக்கிறவள் ராம்சகி ரஜக். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து அரண்மனையைப் பார்த்துவிட்டு, அவள் வெளுத்த விரிப்பில் படுத்து எழுந்து போனார்கள். அவள் மட்டும் பாலம் தாண்டி அந்த வாசலுக்குள் கால் வைத்ததில்லை. ராமராஜா கோயிலோடு சரி.

ஒரு செவ்வாய்க்கிழமை, வந்திருந்த துணி மூட்டையை அவிழ்க்காமலே பெட்டியிலிருந்த மஞ்சள் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

"யாரு வீட்டுக் கல்யாணம்?" என்றான் புருஷன் ஹல்கே.

"கல்யாணம் இல்ல. ஊர் சுத்திப் பார்க்கப் போறேன்."

"எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

"அடேங்கப்பா, மேம்சாகிப் கிளம்பிட்டாங்க!" ஹல்கே சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அரண்மனை வாசலில் ஒரு ஆட்டோக்காரன், "கூட்டுற வேலைன்னா பின்பக்கமா போகணும், ஜிஜ்ஜி" என்று அக்கறையாகத்தான் சொன்னான்.

"அக்கா வேலைக்கு வரல தம்பி" என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினாள். அதை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

உள்ளே ஜஹாங்கீர் மஹாலின் படிகள் இருட்டு. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். குளிர்ந்த தண்ணீரில் நின்று நின்று வீங்கிய கால்கள் பாதியிலேயே மறுத்தன. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இறங்கி வந்த ஒருவர், "மேல இன்னும் கஷ்டம்மா" என்றார். அவள் எழுந்து, கைகளையும் ஊன்றித் தவழ்ந்தே ஏறினாள்.

உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது. பாறைகளைச் சுற்றிச் சுற்றிப் பிரிந்தோடும் பேத்வா முழுசும் கீழே கிடந்தது. கரையிலேயே நின்றவளுக்கு அது இவ்வளவு பெரிய ஆறென்று அன்றுதான் தெரிந்தது. "அம்மாடி" என்றாள் வாய்விட்டு.

"ராம்சகி? இங்க என்ன பண்ற? விரிப்பெல்லாம் என்ன ஆச்சு?"

விடுதி மேலாளர் திரிவேதி. புனேயிலிருந்து வந்த ஒரு தம்பதியை அழைத்து வந்திருந்தார்.

"நாளைக்கு வரும் பாபுஜி. இன்னைக்கு நான் பார்க்க வந்திருக்கேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஆத்தை மறைக்கிறீங்க."

புனே அம்மாள் பக்கென்று சிரித்துவிட்டார். திரிவேதி தள்ளி நின்றார்.

"குளிக்க எந்த இடம் நல்லது?" என்று அந்த அம்மாள் ராம்சகியைக் கேட்டார்.

"அந்தக் கறுப்புப் பாறை பக்கம் போயிடாதீங்க, சுழல் இருக்கு. இந்தப் பக்கம் மணல், பயமில்ல." அவள் கை நீட்டிச் சொல்லச் சொல்ல, சுற்றி நின்றவர்களும் நெருங்கி வந்தார்கள். ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். திரிவேதி சொல்லத் தொடங்கிய ராஜா கதையைக் கேட்க ஒருவரும் இல்லை.

சாயங்காலம் சூடான ஜிலேபியைத் தின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

"எல்லாம் பார்த்தாச்சா?" என்றான் ஹல்கே.

"பாதிதான். மிச்சம் அடுத்த செவ்வாய்."

அடுத்த செவ்வாய், ராம்சகியையும் சேர்த்து, துவைக்கும் பெண்கள் ஆறு பேர் டிக்கெட் வரிசையில் நின்றார்கள். ஏழாவதாக, தலைவாரி, சட்டைப் பித்தான் போட்டு, ஹல்கே. அன்று ஒர்ச்சா விடுதிகள் பலவற்றில் விரிப்பு மாற்றவில்லை.